மேம்படுத்துவதா, புதிதாக நிறுவுவதா?

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்தியது. மறுநாள் காலையில் அந்த இயங்குதளத்தைக் கொண்ட கணினிகள் வழக்கம்போலவே இயங்கின. திரையில் பழைய படமே தோன்றியது, கோப்புகள் திறந்தன, அச்சுப்பொறி வேலை செய்தது. எதுவும் மாறவில்லை என்றே பலரும் எண்ணினர். ஆனால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று மாறியிருந்தது. 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியானது முதல் பத்தாண்டுகளாக மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. தனியாகப் பதிந்துகொண்டால் மேலும் ஓராண்டுக்குத் திருத்தங்களைப் பெறலாம் என்ற ஏற்பாடு இருந்தது. அது காலத்தைச் சற்றுத் தள்ளிப்போடும் வழியே. எனவே, பல வீடுகளிலும் பள்ளிகளிலும் ஒரு கேள்வி எழுந்தது: இருக்கும் இயங்குதளத்தை மேம்படுத்துவதா, அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதா?

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையில் நின்று வேலை வாங்கும் மென்பொருளே இயங்குதளம். விசைப்பலகையில் அழுத்தும் எழுத்தைத் திரைக்குக் கொண்டு சேர்ப்பதும், கோப்புகளை வட்டில் எங்கே வைக்க வேண்டும் என்று கணக்கு வைப்பதும், எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம் தரலாம் என்று முடிவு செய்வதும் அதன் பணிகள். இத்தகைய மென்பொருளில் கோடிக்கணக்கான வரிகளில் நிரல்கள் எழுதப்பட்டிருக்கும். அதில் பிழைகள் இருப்பது இயல்பு. அந்தப் பிழைகளைத் தயாரிப்பாளர் முந்திக் கண்டுபிடிக்கிறாரா, திருடர் முந்திக் கண்டுபிடிக்கிறாரா என்பதே போட்டி.

2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ‘வானாகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டு மிரட்டுவது அதன் வேலை. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆயிரக்கணக்கான மருத்துவச் சந்திப்புகள் இரத்தாயின. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, அந்தத் திருத்தத்தை ஏற்றாமல் விடப்பட்டிருந்த விண்டோஸ் 7 கணினிகள். ஆதரவு இருந்தும் பயன்படுத்தாதவர் நிலையே அப்படியென்றால், ஆதரவே இல்லாத இயங்குதளத்தில் வங்கிக் கணக்கையும் பள்ளி ஆவணங்களையும் வைத்திருப்பவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, மாறுவதா வேண்டாமா என்பதில் பெரிய விவாதத்திற்கு இடமில்லை. எப்படி மாறுவது என்பதில்தான் இருக்கிறது.

மேம்படுத்துதல் என்பது குடியிருக்கும் வீட்டிலேயே இருந்துகொண்டு அதைப் புதுப்பிப்பது போன்றது. புதிய இயங்குதளம் பழையதன் மேல் வந்து அமர்கிறது. படங்கள், பாடக்குறிப்புகள், நிறுவிய செயலிகள், கடவுச்சொற்கள், திரையின் பின்னணிப் படம் என எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நிறுவும் மென்பொருள் முதலில் அந்தக் கணினிக்குத் தகுதி உண்டா என்று சோதிக்கும். பிறகு, பழைய இயங்குதளத்தைத் தனியொரு கோப்புறைக்கு நகர்த்திவிட்டுப் புதியதை அதன் இடத்தில் வைக்கும். இறுதியில், பயனரின் அமைப்புகளையும் செயலிகளையும் புதிய இடத்தோடு இணைக்கும். கணினி இடையிடையே சிலமுறை தானாக அணைந்து எழும். அப்போது பொறுமை இழந்து மின்னிணைப்பைத் துண்டிப்பவர்கள்தாம் சிக்கலில் மாட்டிக்கொள்கின்றனர்.

பழையதை நகர்த்திவைத்த அந்தக் கோப்புறைக்கு ஒரு தனிப்பயன் உண்டு. புதிய இயங்குதளம் பிடிக்கவில்லை என்றாலோ, முக்கியமான செயலி ஒன்று அதில் இயங்க மறுத்தாலோ, பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். விண்டோஸ் 11-இல் இதற்கு வழக்கமாக 10 நாள் தவணை. அதன் பிறகு, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அந்தக் கோப்புறை தானாகவே நீக்கப்படும். மேம்படுத்திய முதல் வாரத்திலேயே அச்சுப்பொறி, ஒலி, காணொலிக் கருவி, வகுப்பில் பயன்படுத்தும் செயலிகள் ஆகிய எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது. ஒரு மாதம் கழித்து அச்சுப்பொறியைத் தொட்டுப் பார்ப்பவருக்குத் திரும்பிப் போக வழி இருக்காது.

ஆனால், வீட்டைக் காலி செய்யாமல் புதுப்பித்தால் மூலையில் கிடக்கும் பழைய பொருள்களும் அங்கேயே கிடக்கும் அல்லவா? கணினியிலும் அதே கதைதான். ஐந்தாறு ஆண்டுகளாகப் பயன்படுத்திய கணினியில், எப்போதோ நீக்கிய செயலிகளின் மிச்சங்கள், இல்லாத அச்சுப்பொறிக்கான இயக்கிகள், கணினியை இயக்கியவுடன் யாரும் அழைக்காமலே எழுந்து நிற்கும் சிறு நிரல்கள் எனப் பலவும் சேர்ந்திருக்கும். மேம்படுத்தும்போது இவற்றுள் பல புதிய இயங்குதளத்திற்கும் கூடவே வந்துவிடுகின்றன. தீநிரல் ஒளிந்திருந்தால் அதுவும் வரக்கூடும். தீநிரல் பாதித்ததாக உறுதியாகத் தெரிந்த கணினியை மேம்படுத்துவது, கரையான் பிடித்த கதவுக்கு வண்ணம் பூசுவதுதான். அங்கே புதிதாக நிறுவுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

புதிதாக நிறுவும்போது, வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படுகின்றன. குறைந்தது 8 ஜிகாபைட் கொள்ளளவு கொண்ட விரலி ஒன்றில் நிறுவும் கோப்புகளை ஏற்றி, அந்த விரலியிலிருந்து கணினியைத் தொடக்கி, வெற்று வட்டில் இயங்குதளத்தை அமைக்க வேண்டும். திடநிலை வட்டு உள்ள கணினியில் இந்த வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். துப்புரவான திரை, வேகமான தொடக்கம், தேவையில்லாத எதுவும் இல்லாத பட்டியல் என முதல் பார்வைக்கே மனத்திற்கு நிறைவாக இருக்கும். அந்த நிறைவு, முதல் கட்டுரையை அச்சிட முயலும்வரை நீடிக்கும். பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அச்சுப்பொறியின் இயக்கி இல்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் இல்லை. விலை கொடுத்து வாங்கிய செயலியின் உரிம எண் எங்கேயென்று தெரியவில்லை. நிறுவுவதற்கு ஒரு மணி நேரம். பழையபடி குடியேறுவதற்கு ஒரு வாரம்.

சில மடிக்கணினிகளில் வேடிக்கையான சிக்கல் ஒன்று எழுவதுண்டு. கம்பியில்லா இணைப்புக்கான இயக்கி, நிறுவும் கோப்புகளோடு வருவதில்லை. அதை இணையத்திலிருந்து பதிவிறக்க வேண்டும். ஆனால், அந்த இயக்கி இல்லாமல் இணையத்திற்குள் போக முடியாது! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த இயக்கி கிடைக்கும். வட்டை அழிக்கும் முன்பே அதைப் பதிவிறக்கி வேறொரு விரலியில் வைத்துக்கொண்டால், சாவி வெளியே இருக்கும்.

தமிழில் எழுதுவோருக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு. இதைப் பற்றிப் பொதுவான வழிகாட்டிகள் எதுவும் பேசுவதில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல் முதலாகப் பல மென்பொருள்கள் கணினியில் தமிழை எழுத வழி செய்தன. அந்நாள்களில் எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறி முறை கணினிகளில் பரவலாகியிருக்கவில்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியீட்டு முறை ஒன்றை வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பியக் குறியீடுகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை வைத்துத் தட்டச்சு செய்தனர். ஆவணத்தில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பது வேறு ஏதோ ஒரு குறி. அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரைதான் அது ‘அ’ என்றோ ‘ஆ’ என்றோ தெரியும்.

இப்படிப்பட்ட ஆவணங்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. தாத்தா தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு, ஆலயக் கூட்டத்தின் அறிக்கைகள், பழைய பள்ளி ஆண்டிதழ் போன்றவை அவை. கணினியை மேம்படுத்தினால், பயனர் நிறுவியிருந்த எழுத்துருக்களும் பொதுவாகத் தொடர்ந்து இருக்கும். ஆவணம் எப்போதும்போல் திறக்கும். புதிதாக நிறுவினால் எழுத்துருக்களும் அழிந்துவிடும். எழுத்துருக்கள் தனியொரு கோப்புறையில் இருப்பதால், ஆவணங்களை மட்டும் நகலெடுத்தவர் அவற்றை விட்டுவிட்டிருப்பார். பிறகு ஆவணத்தைத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகளே பக்கம் பக்கமாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழித்துவிடுபவர்கள் உண்டு. உண்மையில் கோப்பு நலமாகவே இருக்கிறது. அதைப் படித்துக்காட்டும் எழுத்துருதான் இல்லை. அந்த எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். இதைவிட நல்ல வழி, எழுத்துரு கையில் இருக்கும்போதே எழுத்துரு மாற்றிகளின் உதவியால் அந்த ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதாகும்.

ஒருங்குறியில் எழுதப்பட்டவற்றுக்கு அத்தகைய ஆபத்து இல்லை. தமிழ் எழுத்துக்கு உரிய குறியே அங்குச் சேமிக்கப்படுவதால், எந்த ஒருங்குறி எழுத்துருவும் அதைப் படித்துக்காட்டும். எனினும், தோற்றம் மாறக்கூடும். விண்டோஸ் 2000 முதல் தமிழுக்குப் பயன்பட்டுவந்த ‘லதா’ எழுத்துரு, விண்டோஸ் 10-இலும் அதற்குப் பின்னரும் எல்லாக் கணினிகளிலும் தானாக வருவதில்லை. தமிழுக்கான துணை எழுத்துருக்களைப் பயனர் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை ‘நிர்மலா’ போன்ற வேறொரு எழுத்துரு அதன் இடத்தில் நிற்கும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் இடம்பெயரும். 40 பக்கத்தில் முடிந்த இதழ் 43 பக்கத்திற்கு நீளலாம். நாளைக் காலையில் அச்சகத்திற்கு அனுப்ப வேண்டிய இதழாக இருந்தால், அன்றிரவு யாருக்கும் தூக்கம் இருக்காது.

சில வேளைகளில் இந்தத் தேர்வு பயனரின் கையில் இருப்பதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7-க்கு நேரடியாக மேம்படுத்தும் வழியே தரப்படவில்லை. புதிதாகத்தான் நிறுவ வேண்டியிருந்தது. 32 பிட் இயங்குதளத்திலிருந்து 64 பிட் இயங்குதளத்திற்கு மாறுவதும் அப்படியே. விண்டோஸ் 11-இல் கதவு இன்னும் குறுகலானது. 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் வட்டு இடம் ஆகியவற்றோடு, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் கணினியில் இருக்க வேண்டும். மையச் செயலகத்திற்கும் வரம்பு உண்டு. இன்டெல் வகையானால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பல இந்த வரம்புக்கு வெளியே நின்றுவிட்டன. அவற்றைக் குப்பையில் போட வேண்டியதில்லை. உபுண்டு போன்ற லினக்ஸ் வகை இயங்குதளங்களை இலவசமாக நிறுவலாம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படுகின்றன. விரலியிலிருந்தே இயக்கிப் பார்த்து, பிடித்தால் மட்டும் வட்டில் நிறுவிக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. கட்டுரை எழுதுவதற்கும் இணையத்தில் உலாவுவதற்கும் அது போதும். பள்ளியில் கட்டாயமாகப் பயன்படுத்தும் செயலி விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்றால், அதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கணினி மெதுவாக இயங்குகிறது என்று பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால், ‘ஃபார்மாட் செய்துவிடலாம்’ என்ற சொல்லே பல இடங்களில் முதலில் வரும். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது பழுதுபார்ப்பவருக்கு எளிது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றும் அவருக்குத் தெரியும். இழப்பு ஏற்பட்டால் அது உரிமையாளருக்கே. மெதுவாக இயங்குவதற்குக் காரணம் தேவையற்ற நிரல்களின் நெரிசல் என்றால் அந்த மருந்து வேலை செய்யும். ஆனால், பழைய மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள வன்வட்டு, நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் தகடு. அதன் மேல் நகரும் ஊசிமுனை ஒவ்வொரு கோப்பையும் தேடிப் போக வேண்டும். இயங்குதளத்தை எத்தனை முறை புதிதாக நிறுவினாலும் அந்தத் தகடு வேகமாகச் சுழலப்போவதில்லை. சுழலும் பாகமே இல்லாத திடநிலை வட்டை அதற்குப் பதிலாகப் பொருத்தினால் வேறுபாடு உடனே தெரியும். நோய் வன்பொருளில் இருக்க, மருந்தை மென்பொருளுக்குக் கொடுப்பதில் பயனில்லை.

இரண்டு வழிகளுக்கும் நடுவே இன்னொரு வழியும் உண்டு. விண்டோஸிலேயே கணினியை மீட்டமைக்கும் வசதி இருக்கிறது. ‘என் கோப்புகளை வைத்திரு’ என்று தேர்ந்தெடுத்தால், சொந்தக் கோப்புகள் நிலைத்திருக்கும். பின்னர் நிறுவிய செயலிகளும் மாற்றிய அமைப்புகளும் நீங்கும். விரலி தேவையில்லை. கணினியைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்க நினைப்பவர் ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். வெளியாருக்கு விற்பதாக இருந்தால் வட்டையும் முழுமையாகத் துடைக்கும் தேர்வைச் சேர்த்துக்கொள்வது நலம். அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன.

எந்த வழியில் போனாலும் காப்பு நகல் எடுக்காமல் தொடங்கக் கூடாது. மேம்படுத்தும்போது கோப்புகள் அழியாது என்பது உண்மைதான். ஆனால், பாதி வழியில் மின்தடை ஏற்படாது என்று யாரும் உறுதி தரவில்லை. பலர் ஆவணக் கோப்புறையை மட்டும் நகலெடுத்துவிட்டு மனநிறைவு அடைகின்றனர். முகப்புத் திரையில் கிடக்கும் கோப்புகளும் பதிவிறக்கக் கோப்புறையில் கிடப்பவையும் மறந்துபோகின்றன. மாணவர்களின் இடுபணிகளில் பாதி அங்கேதான் இருக்கும். நகலெடுத்த பிறகு, அந்த வன்வட்டை இன்னொரு கணினியில் செருகிச் சில கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்பி வட்டை அழிப்பது, ஆழம் தெரியாமல் ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

‘டி’ வட்டில் வைத்திருப்பதால் பாதுகாப்பாக இருக்கும் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. ஒரே வட்டின் இரண்டு பிரிவுகளைத்தான் பெரும்பாலான கணினிகள் ‘சி’, ‘டி’ என்று காட்டுகின்றன. புதிதாக நிறுவும் திரையில் இந்த எழுத்துகள் தோன்றுவதில்லை. பிரிவு 1, பிரிவு 2 என எண்களும் கொள்ளளவும் மட்டுமே தெரியும். எது எது என்று புரியாமல் எல்லாப் பிரிவுகளையும் நீக்கிவிட்டால், ‘டி’ வட்டில் இருந்த பத்தாண்டுப் படங்களும் சில நொடிகளில் போய்விடும். காப்பு நகல் இருக்கும் வன்வட்டு கணினியில் செருகியே இருந்தால் அதுவும் அதே பட்டியலில் நிற்கும். அதை முன்பே கழற்றி வைத்துவிட்டால் தவறு நடக்க வாய்ப்பே இல்லை.

வட்டில் உள்ளவற்றைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் வசதி, இப்போது பல மடிக்கணினிகளில் உரிமையாளர் அறியாமலே இயங்கிக்கொண்டிருக்கிறது. கணினியின் அடிப்படை அமைப்புகளில் கைவைத்தால், அது 48 இலக்க மீட்புக் குறியைக் கேட்டு வழியை மறித்து நிற்கலாம். அந்தக் குறி பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு தொடங்குவதே முறை. கணினிக்குள்ளேயே சேமித்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். பெட்டிக்குள் சாவி வைத்த கதைதான் மறுபடியும்.

ஐந்தாம் படிவ மாணவர் ஒருவருக்கு எஸ்.பி.எம். தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரமே இருக்கிறது என்று கொள்வோம். அவருடைய மடிக்கணினி மூன்றாண்டுப் பழையது, ஒழுங்காக ஓடுகிறது. அவருக்குத் தேவை மேம்படுத்துதலே. அதையும் தேர்வு முடிந்தபின் செய்வது நல்லது. குடும்பத்தில் நால்வர் மாறி மாறிப் பயன்படுத்திய, விளம்பரங்கள் தானாக எழும்பும், தொடங்குவதற்கே ஐந்து நிமிடம் எடுக்கும் மேசைக்கணினியின் நிலை வேறு. அதற்குப் பள்ளி விடுமுறையின் முதல் நாளில் புதிதாக நிறுவுவதே பொருத்தம். விடுபட்டவற்றைத் தேடிச் சேர்க்க மீதி நாள்கள் இருக்கும். அப்படி நிறுவிய பிறகும், காப்பு நகல் இருக்கும் வன்வட்டை உடனே வேறு வேலைக்கு எடுத்துவிடக் கூடாது. மேம்படுத்தியவருக்காவது 10 நாள் தவணை உண்டு. புதிதாக நிறுவியவருக்கு அந்த வன்வட்டு ஒன்றே துணை. எதை நகலெடுக்க மறந்தோம், எதை எடுத்தோம் என்பது, அந்தக் கோப்பு தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.